ஈரலில் பட்ட அம்பு

"வில்லையும் அம்பையும் தூக்கிக்கிட்டு நாலு வருசமா காட்டுக்குப் போறே, நாலு வருசமும் கைய வீசிக்கிட்டு வாரே. இந்த வருசமும் அதே கூத்துதானா? பேசாம கடையில கறிய வாங்கித் தின்னுட்டு, ஊருக்குப் பெட்டியக் கட்டும்மா!"

சபாபதி அண்ணன் இதைச் சொன்னது டென்வர் நகரத் தமிழர்கள் கூடிய பிள்ளையார் சதுர்த்தி விருந்தில். கையில் கொழுக்கட்டை வேறு. பிள்ளையார் முன்னால் கறிப் பேச்சு எதற்கு என்று நாலு பேர் முகம் சுளித்தார்கள், மற்ற எல்லோரும் சிரித்தார்கள். இருளாயியும் சிரித்து வைத்தாள். ஆனால் அன்று இரவே தம்பி சோலைமலையைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை கெளம்புறோம்டா. மூட்டையக் கட்டு" என்று சொல்லிவிட்டாள்.

இருளாயி சிவகங்கைப் பக்கத்துப் பெண். அமெரிக்காவில் பாலம் கட்டும் பொறியாளர் வேலை. அந்த வேலை முடிந்துவிட்டது, விசாவும் முடியப் போகிறது, மாதக் கடைசியில் விமானம். அதற்கப்புறம் இந்த மலைக்கு அவள் திரும்பி வருவாளா என்பது சந்தேகம்தான். அதற்குள் தன் வில்லால் ஒரு எல்க் மானை அடித்துவிட வேண்டும். துப்பாக்கி வேண்டாம், யாரோ அடித்ததில் பங்கும் வேண்டாம். நாலு வருடமாக வேலை விட்டு வந்ததும் கார் நிறுத்தும் கொட்டகையில் வைக்கோல் பொதியை நிறுத்தி அம்பு விட்டு விட்டு, வலது தோள் இடது தோளைவிடத் தடித்துப் போயிருந்தது. வீம்பு என்றால் வீம்புதான். யாருக்கு இல்லை?

எல்க் என்பது நம்மூர்க் கடமானுக்குப் பெரியப்பா முறை. நிமிர்ந்து நின்றால் கொம்பு ஆளுக்கு மேலே போகும். புரட்டாசி பிறக்கும் சமயத்தில் ஆண் மான்கள் பெண்களைத் தேடிக்கொண்டு மலையெல்லாம் கத்தித் திரியும். அந்தச் சில வாரம்தான் வில் வேட்டைக்கு அனுமதி. உரிமம் ஒருவருக்கு ஒரு மான் மட்டும். இருளாயியிடம் உரிமம் இருந்தது. சோலைமலையிடம் இல்லை. அவன் மேல்படிப்புக்கு வந்தவன், சுமை தூக்க வருகிறான்.

மூன்றாவது ஆள் சோலைமலையின் அறைத் தோழன் ஆல்வின், நாகர்கோவில்காரன். ஊர்ச் சர்ச் பேண்டில் டிரம்பெட் வாசித்தவன். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர்ச் சவ்வை வைத்துக்கொண்டு, பெண் எல்க் மாதிரி அப்படியே கூப்பிடுவான். அந்தக் குரலை அடுக்குமாடிக் குடியிருப்பில் பழகியதில், பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு முறை கதவைத் தட்டியிருக்கிறாள்.

ராக்கி மலையில் கார் போகிற வழி முடிந்த இடத்தில் இறங்கி, முதுகில் மூட்டையோடு ஏறத் தொடங்கினார்கள். காற்று மெலிந்த உயரம். நாலு எட்டு வைத்தால் நெஞ்சு அடைத்தது!

"எக்கா, ஒரு நிமிசம் நில்லுங்க. எனக்க நுரையீரல் பின்னால வருது" என்றான் ஆல்வின்.

"மூச்ச வாயில விடாத, மூக்குல விடு. பேசாத" என்றாள் இருளாயி.

அவள் இடுப்பில் ஒரு சின்ன டப்பாவில் திருநீறு இருந்தது. பக்தி இல்லை. ஒரு சிட்டிகையை மேலே தூவினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். எல்க்குக்குக் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்றலாம், மூக்கை மட்டும் ஏமாற்ற முடியாது. மனித வாடை பட்டால் அடுத்த நொடி அது வேறு மலையில் இருக்கும்.

முதல் நாள் அதுதான் நடந்தது. பள்ளத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. தவழ்ந்து தவழ்ந்து பக்கத்தில் போன நேரத்தில் காற்று முதுகுப் பக்கம் திரும்பியது. கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிப் போனது. மறுநாள் மழை. அதற்கடுத்த நாள் ஒரு பெரிய ஆண் மான் ஆல்வினின் அழைப்புக்குப் பதில் கத்திக்கொண்டே நெருங்கி வந்தது. வந்ததா! குறுக்கே ஒரு கிழட்டுப் பெண் மான் புகுந்து, இருளாயி வில்லை இழுப்பதைப் பார்த்துவிட்டு, நாய் குரைப்பது போல ஒரு கத்துக் கத்தியது. அவ்வளவுதான், காடு காலி.

"அந்தக் கெழவிக்கு என்ன வயித்தெரிச்சலோ!" என்று சோலைமலை கொதித்தான்.

"நம்ம சபாபதி அண்ணனுக்குச் சொந்தமாயிருக்கும், மக்கா" என்றான் ஆல்வின்.

இருளாயி சிரிக்கவில்லை. கால் கொப்புளத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, "நாளைக்கு வடக்குச் சரிவு" என்றாள். வடக்குச் சரிவும் பொய்த்தது. அதற்கடுத்த நாள் ஓடைக் கரை. அதுவும் பொய்த்தது. சோலைமலை இரண்டு முறை கைபேசியில் வீட்டுக்குப் போகும் வழியைத் தடவிப் பார்த்தான். கடைசி நாளும் வந்துவிட்டது. மறுநாள் கூடாரத்தைப் பிரித்தாக வேண்டும்.

அன்று விடிந்து வெளிச்சம் பரவியதும் மேட்டின் மறுபக்கம் அந்தக் குரல் கேட்டது. அடித்தொண்டையில் உறுமலாகத் தொடங்கி, மேலே ஏறி ஏறி, விசிலாக முடிகிற குரல். இருளாயி திருநீற்றைத் தூவினாள். காற்று முகத்துக்கு நேராக வந்தது. நல்ல சகுனம் என்று நினைக்கக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

கை ஜாடையில் ஏற்பாடு நடந்தது. ஆல்வின் பின்னால் ஒரு விழுந்த மரத்தடியில். சோலைமலை பக்கவாட்டில் ஒரு பாறைக்குப் பின்னால். இருளாயி முன்னால், ஃபிர் என்கிற இரண்டு ஊசியிலை மரங்களுக்கு நடுவில், முழங்காலிட்டு. ஆல்வின் கூப்பிட்டான். என்ன ஏக்கம் அந்தக் குரலில்! மேட்டிலிருந்து பதில் வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டான். கிளை முறிகிற சத்தம், பிறகு கொம்பு, பிறகு முழு மான். கழுத்து மயிர் கருத்து, வாயில் ஆவி பறக்க, இருளாயிக்கு முன்னால் முப்பது கெஜத்துக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது.

வில்லை இழுத்தாள். விரலைத் தளர்த்தினாள். அந்தக் கணத்தில் மான் அரை அடி முன்னால் எடுத்து வைத்தது. நெஞ்சில் பாய வேண்டிய அம்பு கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாய்ந்து, மறுபக்கம் வெளியே போனது.

மான் துள்ளி நாலு பாய்ச்சல் ஓடியது. ஓடி, நின்றது. தலை தொங்கியது. பின்னங்கால் மடங்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அங்கேயே படுத்திருக்கும்.

"பட்டுருச்சு! பட்டுருச்சு! விடாத! விடாத, புடி!"

பாறைக்குப் பின்னாலிருந்து சோலைமலை கிளம்பிவிட்டான்! இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கத்திக்கொண்டே, சரிவில் தலைதெறிக்க ஓடினான்.

அவன் மேல் முழுப் பழியும் போட முடியாது. அவன் ஊரில் முயல் வேட்டை என்றால் அப்படித்தான். கம்பு பட்டதும் ஊரே கூச்சல் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், நாய்கள் முன்னால் ஓடும், யார் முதலில் காலைப் பிடிக்கிறானோ அவனுக்குத் தொடைக்கறி. சத்தம் போடாதவனைப் பார்த்து, "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்பார்கள். அது சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை. சோலைமலைக்கு வேட்டை என்றால் அந்த ஓட்டம்தான், வேறு தெரியாது. அக்காள் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் அந்த ஒரு நொடியில் பறந்து போயிற்று.

மடங்கிய கால் நிமிர்ந்தது. மான் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மரங்களை முறித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறி, அடர்ந்த ஃபிர் காட்டுக்குள் மறைந்தது.

சோலைமலை மூச்சிரைக்கத் திரும்பிப் பார்த்தான். அக்காளின் முகத்தைப் பார்த்ததும் அவன் கை தானாக இறங்கியது.

"ஓன் வாயத் தைக்கணும்டா" என்றாள் அவள், மெதுவாக. கத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

அம்பு புல்லில் கிடந்தது. ஆல்வின் எடுத்து நீட்டினான். ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தது.

"நுரையீரல்ல பட்டா ரத்தம் நுரையா, வெளிர்ச் சிவப்பா வரும். இது ஈரல்" என்றாள் இருளாயி. "ஈரல்ல பட்ட மான் பொழைக்காது. ஆனா ஒடனே சாவாது. விட்டுட்டா பக்கத்துலயே படுத்து, சில மணி நேரத்துல அடங்கிரும். வெரட்டுனா, உசுரு இருக்கிற மட்டும் ஓடும்."

"எங்கிட்டு ஓடும்?" என்றான் சோலைமலை.

அவள் எதிர்ச் சரிவின் உச்சியைக் காட்டினாள். அங்கே ஒரு கம்பி வேலி தெரிந்தது. அதற்கப்பால் தனியார் பண்ணை. அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. வேலியை எல்க் ஒரே தாவலில் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் அது எங்கேயோ விழுந்து, நரிகளுக்கும் கரடிக்கும் போகும். இத்தனை பெரிய உயிரைக் குத்திவிட்டு, அதை வீணாகப் போகவிட்டு, அவள் விமானம் ஏற வேண்டும். வெறுங்கையோடு போவது அவளுக்குப் பழகிய விஷயம். இது அப்படி இல்லை.

"அப்ப இப்ப என்னக்கா செய்யணும்?"

"ஒக்காரணும்."

பள்ளத்துக்கு இந்தப் பக்கம், மரங்களின் மறைவில், மூவரும் உட்கார்ந்தார்கள். மான் நுழைந்த இடம் எதிரே தெரிந்தது. பக்கத்தில் ஒரு முறிந்த மரம், அதுதான் அடையாளம். பேச்சில்லை, இருமல்கூட இல்லை. சோலைமலை பசியில் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தான். அந்தக் காகிதச் சத்தத்துக்கே அக்காள் கண்ணால் எரித்தாள். முறுக்கைக் கடிக்க முடியுமா? வாயில் போட்டு ஊற வைத்து, சப்பிச் சாப்பிட்டார்கள். மணப்பாறையில் கேட்டால் அழுதிருப்பார்கள்.

நேரம் நகர்ந்தது. வெயில் இருந்த இடத்தில் மேகம் வந்தது. மேகம் தாழ்ந்தது. இருளாயியின் கையுறைமேல் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. இன்னொன்று. பனி!

சோலைமலை குதித்து எழுந்தான். குரலை மட்டும் எப்படியோ அடக்கிக்கொண்டான். "யக்கா! பனி பேயுது! ரத்தம் மறைஞ்சிரும்! தடம் மறைஞ்சிரும்! இப்பப் போகலன்னா எப்பவும் கிடைக்காது!"

"ஒக்காரு."

"நான்தான் கெடுத்தேன். நானே போயித் தேடிட்டு வாரேன். சத்தம் போட மாட்டேன், ஆத்தா சத்தியமா!"

"ஒக்காருடா."

"எக்கா, இவன் சொல்லுறதுலயும் நியாயம் இருக்கே" என்று ஆல்வின் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தடமே இல்லாம எங்க போயித் தேடதுக்கு?"

இருளாயிக்கு மட்டும் தெரியாதா? எதிர்ச் சரிவு கண்முன்னே வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் சுவடு பார்த்து வைத்திருந்த புல், கல், முறிந்த கிளை எல்லாம் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் அவளே எழுந்துவிட்டாள். வில்லைக்கூட எடுத்தாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். திரும்பி வந்து, உட்கார்ந்திருந்த அதே குழியில் பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது குளிர் இல்லை. ஒருவேளை தப்பு செய்கிறேனோ என்ற பயம்.

நாலு வருடம் அவள் நடந்த நடை ஒரு கஷ்டம் என்றால், அந்தச் சில மணி நேரம் நடக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய கஷ்டம். கால் ஓடு ஓடு என்கிறது. கூட இருக்கிற இருவரும் ஓடு என்கிறார்கள். வானமும் ஓடு என்கிறது. உட்கார் என்று சொல்வது அவள் ஒருத்திதான்.

பனி நின்று, மதியமும் சாய்ந்த பிறகு, "இப்ப வாங்க" என்றாள்.

பள்ளத்தைக் கடந்தார்கள். முறிந்த மரத்தடியில் பனியைக் கையால் விலக்கிப் பார்த்தபோது ஒரு சொட்டு கருத்த ரத்தம் கிடைத்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எங்கும் ஒரே வெள்ளை. மூவரும் ஆளுக்குச் சிறிது தூரம் விட்டு வரிசையாக நடந்தார்கள். மேலே போய்த் திரும்பி, கீழே வந்து, மறுபடி மேலே. ஒவ்வொரு புதரும், ஒவ்வொரு விழுந்த மரமும் தூரத்தில் மான் மாதிரியே தெரிந்தது. பக்கத்தில் போனால் புதர்தான், மரம்தான். சோலைமலை மேலே வேலி வரை ஏறிப் பார்த்தான். வேலிக் கம்பியில் பனி கலையாமல் இருந்தது. பனிக்கு முன்னாலேயே தாண்டியிருந்தால்?

வெளிச்சம் குறையத் தொடங்கியது.

"எக்கா, விடியக் காலத்தால வருவோம். ராத்திரி கரடி நடமாட்டம் கூடுதல். வேண்டாம் எக்கா" என்றான் ஆல்வின்.

"இன்னும் ஒரே ஒரு தடவ. இந்தக் கீழ்ப்பக்கம் மட்டும்."

"அங்கதான் ரெண்டு மட்டம் பாத்தாச்சே!"

"மூணாவது மட்டம் பாப்போம்."

இந்த முறை அவள் காற்றுக்கு எதிர்முகமாக நடந்தாள். முகத்தில் காற்று அடித்தது. நடந்தவள் சட்டென்று நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"டேய்! இங்க வா! இது என்ன வாடை?"

சோலைமலை வந்து உறிஞ்சினான். ஒரு நொடிதான். ஆட்டுக் கொட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா?

"கெடா வாடைக்கா!"

ஆமாம், கெடா வாடை! பருவம் வந்த வெள்ளாட்டுக் கெடாவிடம் அடிக்குமே ஒரு நெடி, அதேதான், அதைவிடப் பத்து மடங்கு. பெண்ணைத் தேடித் திரிகிற ஆண் எல்க் சேற்றிலும் தன் சிறுநீரிலும் புரண்டு இந்த நெடியோடுதான் திரியும். ஈரக் காற்றில் அது கயிறு பிடித்தாற்போல் வந்துகொண்டிருந்தது. இருவரும் வேட்டை நாய் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஒரு எட்டு இந்தப் பக்கம், ஒரு எட்டு அந்தப் பக்கம் என்று போனார்கள். பின்னால் ஆல்வின், "எனக்கு ஒண்ணும் மணக்கலயே!" என்று புலம்பிக்கொண்டு வந்தான்.

தாழ்ந்த கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு ஃபிர் மரத்தடியில் பனி மேடு ஒன்று இருந்தது. அதை இரண்டு முறை கடந்து போயிருக்கிறார்கள். பனி மேட்டிலிருந்து ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தது. கிளை இல்லை, கொம்பு!

இருளாயி தூரத்தில் நின்று வில்லில் அம்பை ஏற்றிக்கொண்டு காத்திருந்தாள். அசைவு இல்லை. பக்கத்தில் போய் வில் நுனியால் கண்ணைத் தொட்டாள். இமைக்கவில்லை. வில்லைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, அதன் கழுத்தில் கையை வைத்தாள்.

"கிடைச்சிருச்சு! யக்கா, கிடைச்சிருச்சு!" சோலைமலை துள்ளத் தொடங்கினான்.

"சத்தம் போடுடா, இப்பப் போடு!" என்றாள் அவள். மலையே எதிரொலிக்க ஒரு கூச்சல் போட்டான் பாருங்கள்! ஆல்வினும் சேர்ந்துகொண்டான். அவள் மட்டும் கூச்சல் போடாமல், மானின் மேலிருந்த பனியைக் கையால் தள்ளினாள். மேலே பொடிப் பனி. அதற்கடியில் மயிரோடு ஒட்டிய பனிக்கட்டி மணிகள்.

"புரட்டுங்கடா" என்றாள்.

மூவரும் முட்டுக் கொடுத்துப் புரட்டினார்கள். அடியில் தரை காய்ந்து கிடந்தது. பழுப்பு ஊசியிலைகள், ஒரு துளிப் பனிகூட இல்லை.

ஆல்வின்தான் முதலில் பேசினான். "தரை காஞ்சு கிடக்குன்னா, பனி பெய்யதுக்கு முன்னாலேயே இங்க வந்து படுத்தாச்சு."

"மயிருல ஒட்டியிருக்கிற கட்டியப் பாரு. மொதல்ல விழுந்த பனி ஒடம்புச் சூட்டுல உருகி, அப்புறம் ஒறைஞ்சிருக்கு" என்றாள் இருளாயி. "பனி ஆரம்பிக்கும்போது இதுக்கு உசுரு இருந்திருக்கு."

சோலைமலை மானின் முகம் திரும்பியிருந்த பக்கம் பார்த்தான். மரக்கிளைகளின் சந்து வழியாக, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது. மான் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. பனி பெய்கிறது, நான் போகிறேன் என்று அவன் குதித்தபோது இது கண்ணைத் திறந்துகொண்டு இங்கேதான் கிடந்திருக்கிறது. அவன் நாலு எட்டு இறங்கியிருந்தால் எழுந்து வேலியைத் தாண்டியிருக்கும்.

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, மானுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். தலைவிளக்கு வெளிச்சத்தில் தோலை உரித்து, தொடை தொடையாகப் பிரித்து, கரடிக்கு எட்டாத உயரத்தில் மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடியில் இருந்த பின்தொடையில் எலும்பை ஒட்டிக் கொஞ்சம் கறி கெட்டுப் போயிருந்தது. அத்தனை நேரம் கிடந்ததற்கு அந்த நஷ்டம். அதை அறுத்துத் தள்ளும்போது இருளாயிக்கு மனசு கேட்கவில்லை. விடிந்ததும் சுமக்கத் தொடங்கினார்கள். ஏறுவதும் இறங்குவதுமாக, கூடாரத்துக்கும் காருக்கும் மரத்துக்கும் நடையோ நடை. பெரிய சுமையெல்லாம் சோலைமலையின் முதுகில். அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு ஒரு பூங்காவில் விருந்து. இருளாயிக்கு வழியனுப்பும் விழாவும் அதுதான். சிவகங்கைச் சுக்காவும், ஆல்வின் கைப்பக்குவத்தில் தேங்காய் வறுத்து அரைத்த குழம்பும் மணந்தன. கொம்பை விமானத்தில் ஏற்ற முடியாது, அது ஆல்வினுக்கு. கறி வாடையே ஆகாது என்றிருந்த ஒன்றிரண்டு பேர்கூட ஓரமாக வந்து கொம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சபாபதி அண்ணன் இலையில் மூன்றாம் முறை சுக்கா வாங்கிக்கொண்டு, சோலைமலையின் முதுகில் தட்டினார். "சரி, தோத்துட்டேன்னே வச்சுக்க. கதையச் சொல்லுடா! எம்புட்டுத் தூரம் வெரட்டுனீங்க? எங்கிட்டு மடக்குனீங்க? எப்படிடா புடிச்சீங்க?"

சுற்றியிருந்தவர்கள் தட்டோடு நெருங்கி வந்தார்கள். ஊரில் அரை முயலுக்கு ஒரு மணி நேரம் கதை சொல்கிற பிள்ளை அவன். வாயைத் திறந்தான். அக்காளை ஒரு பார்வை பார்த்தான்.

"ஒக்காந்தோம்ணே" என்றான்.